நல்ல தண்ணி ஒரு சொம்பு

ரஞ்சிதாவின் மகள் தர்ஷினிக்குக் காய்ச்சல் கண்ட அன்றே, அது எதனால் வந்தது என்று எங்கள் வீதிக்குத் தெரிந்துவிட்டது. டாக்டருக்குத்தான் ஐந்து நாள் பிடித்தது.

நாராயணம்மா பஸ் ஸ்டாண்டு கோபி மஞ்சூரியன் மேல் பழியைப் போட்டாள். மாடி வீட்டு சுசித்ரா கண் திருஷ்டி என்றாள். கடைசியில் எடுபட்டது நான் சொன்னதுதான்.

"மதுரைப் பக்கத்து ஆளுங்க. மீன் கொழம்ப மூணு நாளைக்குச் சுண்ட வெச்சுத் துன்னுவாங்க. சுத்தம்னா அது எந்தக் கடையில விக்குதுன்னு கேப்பாங்க."

குழாயடியில் நான் ஒன்று சொன்னால் அது முதல் ஷிப்டு பஸ் ஏறி சிப்காட் போய், அங்கிருந்து அத்திப்பள்ளி வரை போய், கன்னடத்தில் திரும்பி வரும். இதுவும் வந்தது. வரும் வழியில் ரஞ்சிதாவின் காதிலும் விழுந்தது. அன்று சாயங்காலம் என்னிடம் இட்லி மாவு வாங்க வந்தவள், பாத்திரத்தை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, எங்க வீட்ல மீனே வாங்கறதில்லக்கா. அவருக்கு ஒத்துக்காது."

அவ்வளவுதான். மாவை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

தர்ஷினிக்கு ஆறு வயது. டைபாய்டு என்று சொல்லி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். அதே வாரம் எங்கள் வீதியில் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. என் வீட்டில் ஒரு தும்மல்கூட இல்லை. "சுத்தபத்தமா இருந்தா நோய் எதுக்கு வருது?" என்று அதற்கும் ஒரு பெருமை பேசி வைத்தேன்.

ரஞ்சிதாவின் கணவன் அழகர்சாமிக்குக் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் வேலை. செய்து வருகிற பல்சக்கரங்களை அளந்து பார்த்து, கோளாறு உள்ளதில் சிவப்பு அட்டை கட்டி ஒதுக்கி வைப்பான். வீதியில் யாரோடும் பேசாமல் போகிறவன், ஒரு நாள் என் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, ஒரு பீஸ் கெட்டுப்போனா அந்தப் பீஸ்ல கோளாறு. வரிசையா நாலு பீஸ் கெட்டுப்போனா லைன்ல கோளாறு. மொதல்ல லைன நிறுத்தணும்."

"எந்த லைன நிறுத்தணுங்கறே?"

"தண்ணி லைன."

எங்கள் வீதிக்கு இரண்டு தண்ணீர். போர்வெல் தண்ணீர் தினமும் வரும். பாத்திரம் கழுவ, துணி துவைக்க. வாயில் வைத்தால் கரிக்கும். அதற்கு உப்புத் தண்ணி என்று பெயர். இன்னொன்று நான்கு நாளைக்கு ஒரு முறை டேங்கிலிருந்து திறந்து விடுவது. அதற்கு நல்ல தண்ணி என்று பெயர். நல்ல தண்ணி என்றால் கரிக்காத தண்ணி, வேறு அர்த்தம் இல்லை. அதில் புழு நெளிந்தாலும் எங்கள் வாயில் அது நல்ல தண்ணிதான். அந்தக் குழாய் எங்கள் வீதிக்குள் நுழைகிற இடத்தில் சாக்கடையில் இறங்கி, இருபது அடி நீந்தி, அப்புறம் கரையேறி வருகிறது. பதினோரு வருடமாக எல்லோரும் அதைத் தாண்டித்தான் குடம் தூக்குகிறோம். யாரும் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

ரஞ்சிதா வார்டு மெம்பர் ஆஞ்சப்பனிடம் போனாள். அவருக்கு சிமெண்டுக் கடை. அவர் வீட்டுக்குத் தண்ணீர் கேனில் வரும். தெருக்குழாயில் அவர் கார் மட்டும் குளிக்கும்.

"சார், எங்க வீதித் தண்ணிய டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க."

"ஏம்மா, நீ வர்றதுக்கு முன்னால இந்த ஊர்ல யாரும் தண்ணியே குடிக்கலியா?"

"குடிச்சாங்க சார். அதான் நாலு புள்ளைக படுத்துக் கெடக்குதுக."

முதல் தடவை அவர் சிரித்தார். இரண்டாம் தடவை கடைக்குள் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். மூன்றாம் தடவை ரஞ்சிதா ஆஸ்பத்திரிச் சீட்டைக் கல்லாப் பெட்டி மேல் விரித்தாள்.

"திங்கக்கெழம புள்ளய வீட்டுக்கு அனுப்புறாங்க சார். மறுக்கா இதே தண்ணி உள்ள போனா தாங்காதுங்குறாங்க. அதுக்குள்ள ஒரு முடிவு தெரியணும். இல்லாட்டி திங்கக்கெழம கிருஷ்ணகிரிக்குப் போயி கலெக்டர்கிட்ட மனு குடுப்பேன்."

கிருஷ்ணகிரி என்றதும் ஆஞ்சப்பனுக்குத் தண்ணீர் மேல் அக்கறை வந்துவிட்டது. வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஓர் ஆபீசரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூடவே டேங்க் வால்வு திறக்கிற முனிவேல்.

பங்குனி வெயில். ஆபீசர் கையில் ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் விரல் நீளக் கண்ணாடி பாட்டில்கள், அடியில் ஏதோ மருந்து தோய்த்த காகிதம். முனிவேல் எங்களுக்கு விளக்கம் சொன்னான்: கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி மூடி வைக்க வேண்டும்; ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள்; தண்ணீர் கறுத்தால் கிருமி இருக்கிறது. வீதியே கூடி நின்று அந்தக் காகிதத்தைப் பார்த்தது.

குழாயைத் திறந்தால் காற்று வந்தது. நல்ல தண்ணி சனிக்கிழமைதான் வரும். அது ஆஞ்சப்பனுக்குத் தெரியும், முனிவேலுக்கும் தெரியும். ஆபீசருக்கு வேண்டுமானால் தெரியாமல் இருந்திருக்கலாம். சனிக்கிழமை வருகிறேன் என்று போயிருக்க வேண்டிய மனிதர், கழுத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். குழாய்க்குப் பத்தடியில் என் வீடு. வாசலில் நான்.

"அம்மா, நல்ல தண்ணி ஒரு சொம்பு கொண்டாங்க."

பாவம், வெயிலில் வந்த மனிதர், தாகமாக்கும் என்று உள்ளே போனேன். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாசி மாதம் ஒரு நாள் குடத்தைத் திறந்தபோது குப்பென்று ஒரு நாற்றம் அடித்தது. அன்றிலிருந்து என் வீட்டில் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டித் தனிப் பானையில் வைக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. வீதியில் யார் மருமகள் யாரோடு பேசவில்லை என்பதைக்கூட மூன்று மொழியில் சொல்கிற நான், இதை ஒரு மொழியிலும் சொல்லவில்லை. தண்ணீர் நாறுகிறது என்று சொன்னால் அடுத்த கேள்வி, "அப்ப நீ விக்கிற மாவு?" என்பதுதான். மாவுக்கு நான் ஊற்றுவது குழாய்த் தண்ணீர்.

வீடு தேடி வந்தவருக்குக் குழாய்த் தண்ணீரையா கொடுப்பார்கள்? பானையிலிருந்து மொண்டு, சொம்பைத் துடைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் அதை வாங்கிக் குடிக்கவில்லை. பாட்டிலைத் திறந்து அதில் ஊற்றினார்.

எனக்கு வாய் திறந்தது. எதிரே நாராயணம்மா, சுசித்ரா, ரஞ்சிதா எல்லோரும் நிற்கிறார்கள். திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. ஆபீசர் பாட்டிலில் சீட்டு ஒட்டி, 'பொதுக்குழாய்' என்று எழுதினார். பத்தடி நடக்கச் சோம்பல் பட்டவரின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

பாட்டில் ஆஞ்சப்பனின் கடையில் ஒரு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் துளி கறுக்கவில்லை. எப்படிக் கறுக்கும்? அன்று சாயங்காலமே ரேஷன் கடைப் பலகையில், கலர் டிவி டோக்கன் அறிவிப்புக்கு மேலே, சாக்பீஸில் எழுதிவிட்டார்கள்: 'நமது வீதிக் குடிநீர் பரிசோதிக்கப்பட்டது. நல்ல தண்ணீர். வதந்திகளை நம்ப வேண்டாம். இப்படிக்கு, வார்டு மெம்பர்.'

வதந்தி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அதில் எனக்கு அனுபவம் உண்டு. ஆனால் பலகையில் எழுதி, அடியில் பதவியும் போட்டு வதந்தி பரப்ப எனக்குக்கூடத் தைரியம் வந்ததில்லை.

அதைப் படித்துவிட்டு ரஞ்சிதா நேராக என்னிடம் வந்தாள். கை இரண்டும் சோப்பில் ஊறி வெளுத்து, விரல் இடுக்கில் வெடித்திருந்தது.

"நீங்க சொன்னதுதான் சரி போலக்கா. தண்ணியில ஒண்ணும் இல்லையாம். கோளாறு என் அடுப்படியிலதான். மரக்கரண்டி, முறம், மண்சட்டி எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன். ரெண்டு தரம் வீட்டக் கழுவிட்டேன். இன்னும் என்னக்கா செய்யணும்? நீங்கதான் சுத்தமா இருக்கறவங்க, சொல்லுங்க."

குத்திக் கேட்கவில்லை அவள். நிஜமாகவே கேட்டாள். அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரி விடு, இனிமேலாவது பாத்து நடந்துக்கோ" என்றேன். அந்த வாயைத்தான் இன்னும் முகத்தில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நல்ல தண்ணி வந்தது. முனிவேல் வால்வைத் திறந்துவிட்டு சைக்கிள் மேல் சாய்ந்து நின்றான். வரிசையில் நான் மூன்றாவது. எனக்கு முன்னால் ரஞ்சிதா. குடத்தை வைப்பதற்கு முன் கூடையிலிருந்து ஒரு ரோஸ் கலர் பாட்டிலை எடுத்தாள். மூடியில் முயல் காது வைத்த, பள்ளிக்கூடப் பாட்டில். தர்ஷினி தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு போவாளே, அதுதான். குழாயில் நேராக வைத்துப் பிடித்தாள்.

நாராயணம்மா கேட்டாள், "ஆசுபத்திரிக்கா?"

"ஆமாக்கா. இம்புட்டு நாளும் காய்ச்சித்தான் கொண்டுபோனேன். கேஸ் தீந்துபோச்சு, பதிஞ்சு பன்னெண்டு நாளாச்சு. மண்ணெண்ணெயும் காலி. மெம்பர் சொன்னாரு, டெஸ்ட் பண்ண தண்ணியக் காய்ச்சுனா சத்துப் போயிரும், அப்பிடியே குடும்மான்னு. தாகம் தாகம்னு அழுகுறாக்கா அவ."

பாட்டில் நிரம்பியது. முயல் காதைத் திருகி மூடினாள்.

நான் அதைத் தட்டிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. கை போய்விட்டது. பாட்டில் சிமெண்டுத் தரையில் விழுந்து ஒரு காது உடைந்தது.

"ஏய் சரசம்மா, என்னா ஆச்சு உனுக்கு? பித்துப் புடிச்சிக்கிச்சா?" என்று நாராயணம்மா கத்தினாள்.

"அதக் குடுக்காதே" என்றேன் ரஞ்சிதாவிடம். "அன்னைக்கு அந்தாளு பாட்டில்ல ஊத்துனது இந்தத் தண்ணி இல்ல. நான் குடுத்தது காய்ச்சின தண்ணி. குடிக்கக் கேக்கறாருன்னு பானையில இருந்து எடுத்தாந்து குடுத்தேன். அவரு அத ஊத்திட்டுப் போயிட்டாரு."

முனிவேல் சைக்கிளை ஸ்டாண்டு போட்டான்.

"நீ காய்ச்சியா குடிக்கறே?" நாராயணம்மாவின் குரல் இறங்கியிருந்தது. "எப்ப இருந்து?"

"மாசியில இருந்து."

"மாசியில இருந்தா!" மாடி வீட்டு சுசித்ரா எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "அப்ப எங்களுக்கு விக்கிற மாவுக்கு?"

பதில் குழாயில் ஊற்றிக்கொண்டிருந்தது. ஒருத்தி காறித் துப்பினாள். இன்னொருத்தி தெலுங்கில் என் பிறப்பைப் பற்றி ஏதோ சொன்னாள். எனக்குத் தெலுங்கு தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

ரஞ்சிதா குனிந்தாள். கீழே கிடந்த பாட்டிலை எடுத்து, உடைந்த காதைத் தேடி எடுத்து, இரண்டையும் கூடையில் வைத்தாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு மாசமா உங்களுக்குத் தெரியும். என் புள்ள படுத்துக் கெடக்கையில மீன் கொழம்பு கதை சொன்னீங்க. நேத்து நான் அடுப்படியெல்லாம் தூக்கிப் போட்டுட்டு வந்து நிக்கையில, பாத்து நடந்துக்கன்னு சொன்னீங்க. அப்பவும் பானை உள்ளதான இருந்துச்சு?"

"ஆமா" என்றேன்.

அவள் முனிவேல் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அந்த மாதிரி காலி பாட்டில் இன்னும் இருக்கா?"

"ரெண்டு பாட்டில ஆபீஸ்ல வெச்சிட்டுப் போனாருங்க" என்றான் முனிவேல். அவன் சைக்கிளை அவ்வளவு வேகமாக மிதித்து நான் பார்த்ததில்லை. வால்வை மூடக்கூட நிற்கவில்லை. திரும்பி வந்து, குழாய் வாயைத் துடைத்து, கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டு, கோடு வரைக்கும் பிடித்து மூடினான். சீட்டில் என்ன எழுதுவது என்று கேட்டான்.

"நல்ல தண்ணின்னு மட்டும் எழுதாதீங்க" என்றாள் ரஞ்சிதா. "குழாத் தண்ணின்னு எழுதுங்க."

பாட்டிலை ஆஞ்சப்பனின் கடைக்கு அனுப்ப யாரும் சம்மதிக்கவில்லை. ரேஷன் கடை ஜன்னலில், அந்தப் பலகைக்கு நேர் கீழே, கம்பிக்குள் வைத்துப் பூட்டினோம். போகிறவர் வருகிறவர் எல்லாம் குனிந்து பார்த்தார்கள். பலகையில் நல்ல தண்ணீர் என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் பாட்டில் கறுத்திருந்தது. லேசாக இல்லை. மை ஊற்றியது போல, அடியிலிருந்து மூடி வரைக்கும்.

ஆஞ்சப்பன் வந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மாட்டியும் பார்த்தார்.

"பாட்டில் தேதி முடிஞ்சிருக்கும்."

முனிவேல் பாட்டிலைத் திருப்பி, அதில் அச்சடித்திருந்த தேதியைப் படித்தான். "இன்னும் ஏழு மாசம் இருக்குதுங்க. அன்னைக்கு ஊத்துனதும் இதே பெட்டி பாட்டில்தாங்க."

"நீ யாருகிட்டச் சம்பளம் வாங்கறே?"

"எம் பையனுக்கும்தாங்க வயித்தால போச்சு."

அவர் என் பக்கம் திரும்பினார். "எல்லாம் உன்னால வந்தது சரசம்மா! நல்ல தண்ணின்னு நீதான குடுத்தே?"

அதுவரைக்கும் என் மேல்தான் எனக்குக் கோபம். அந்த ஒரு வார்த்தையில் கோபத்துக்கு வேறு வீடு கிடைத்தது.

"ஆமா, நான் குடுத்தேன். என் சொம்பு உங்க கண்ணுல பட்டுது, பத்தடி தள்ளி இருக்கிற குழா படல. சனிக்கெழம தண்ணி வரும்னு உங்களுக்குத் தெரியாது? சாக்கடைக்குள்ள குழா ஓடறது தெரியாது? தெரியாமயா கேன் வாங்கறீங்க? நான் வாய மூடினது தப்பு. அதுக்கு இந்த வீதி என்னைத் துப்பிடிச்சு. உங்களத் துப்பறதுக்கு எந்தப் பலகையில எழுதி வெக்கறது?"

"மரியாதையாப் பேசு."

"மரியாதையாப் பேசித்தான் நாலு புள்ளைங்க படுத்துச்சு."

அழகர்சாமி முன்னால் வந்தான். பையிலிருந்து கம்பெனியின் சிவப்பு அட்டை ஒன்றை எடுத்தான். தேதி போட்டான். கோளாறு என்ன என்கிற இடத்தில் 'சாக்கடை கலக்கிறது' என்று எழுதி, கம்பியால் குழாயின் கழுத்தில் கட்டினான்.

"எடுய்யா அதை. அரசாங்கக் குழா" என்றார் ஆஞ்சப்பன்.

"கம்பெனியில கட்டுனவன்தான் சார் கழட்டணும். அதுவும் கோளாறு சரியான பெறகு" என்றான் அழகர்சாமி. கையைக் கட்டிக்கொண்டு குழாய்க்கு முன்னால் நின்றுகொண்டான். ஆஞ்சப்பன் கை நீட்டவில்லை.

திங்கட்கிழமை ரஞ்சிதா ஆஸ்பத்திரிக்குப் போனாள். கறுத்த பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டு நாங்கள் பதினோரு பேர் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினோம். போவதற்கு முன் மனுவை ரஞ்சிதாவே எழுதிக் கொடுத்திருந்தாள். முதல் வரி அவளுடைய மகளைப் பற்றியது இல்லை. 'முதல் பரிசோதனைக்குத் தரப்பட்டது சரசம்மா வீட்டில் காய்ச்சி வடிகட்டிய தண்ணீர்' என்பதுதான் முதல் வரி. அதற்குக் கீழே முதல் கையெழுத்து நான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். போட்டேன். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஓசூரிலிருந்து சூளகிரி வரைக்கும் யாரும் உட்காரவில்லை.

பலகையில் இருந்த எழுத்து அழிந்துவிட்டது. யார் அழித்தார்கள் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். ஒரு நாள் இரண்டு பேர் வந்து சாக்கடையை நாடா வைத்து அளந்துவிட்டுப் போனார்கள். அப்புறம் இன்னும் இரண்டு பேர் வந்து, முதலில் அளந்தது சரிதானா என்று அளந்துவிட்டுப் போனார்கள். குழாய் இன்னும் சாக்கடைக்குள்தான் நீந்துகிறது. சிவப்பு அட்டை வெயிலில் வெளுத்து ரோஸ் கலருக்கு வந்துவிட்டது. அழகர்சாமி அதன் மேல் புதிதாக ஒன்று கட்டினான்.

தர்ஷினி வீட்டுக்கு வந்த அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் என் வாசலில் டங்கென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஒரு காலி எவர்சில்வர் குடம். வைத்துவிட்டு ரஞ்சிதா திரும்பி நடந்துகொண்டிருந்தாள்.

காய்ச்சி, ஆற வைத்து, வடிகட்டி, குடத்தைக் கொண்டுபோய் அவள் வாசலில் வைத்தேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் குடம் மறுபடி என் வாசலில். இரண்டாம் நாள் இரண்டு குடங்கள். ஒன்றில் முனிவேலின் பேர் வெட்டியிருந்தது. மூன்றாம் நாள் நாராயணம்மாவும் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் மட்டும் வாயைத் திறந்தாள்: "நல்லாக் கொதிக்கட்டும்."

மாவு ஆட்டுவதை நிறுத்திவிட்டேன். வாங்க ஆள் இல்லை. அடுப்பில் எந்நேரமும் அண்டா. கேஸுக்குக் கட்டுப்படி ஆகாமல் கொல்லையில் விறகு வைத்து எரிக்கிறேன். புகையில் கண் எரிகிறது, வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஊதுகுழலை எடுக்கும்போதெல்லாம் ஆஞ்சப்பனைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அவருடைய கேன் வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை கேன் இறங்குகிறது என்பது இப்போது அத்திப்பள்ளி வரைக்கும் தெரியும். இந்தத் தடவை அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

நேற்று தர்ஷினியே வந்தாள். தலைமுடி கொட்டி, கழுத்து குச்சியாக, ஒற்றைக் காது முயல் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு. நீட்டினாள். புனல் வைத்து ஊற்றினேன்.

"ஆன்ட்டி, இது நல்ல தண்ணியா?"

"இல்லடி" என்றேன். "இது காய்ச்சின தண்ணி."

அவள் முகர்ந்து பார்த்துவிட்டு மூடியைத் திருகினாள்.